பிறவாத பிள்ளைகளுக்கும் பிறப்புரிமையா?



மாயாஜாலப் படங்களில் மனம் பறிகொடுத்த இளைஞரிடையே ஒரு பழக்கம் வேரூன்றி வளர்ந்திருக்கின்றது. படம் முடிந்து விளக்கு எரிந்த பிறகும் அவர்கள் கதையை விடுவதில்லை. நாயகனுக்கும் நாயகிக்கும் இனிமேல் பிறக்கப்போகும் பிள்ளைகளைத் தாமே கற்பனை செய்து, சித்திரமாகத் தீட்டி, பெயரும் சூட்டி, கைப்பேசியின் வழியாக நாடெங்கும் பரப்புகிறார்கள். கதை எழுதியவர் பெறாத பிள்ளைகளை ரசிகர்கள் பெற்றுத் தருகிறார்கள் என்று சொன்னாலும் பொருந்தும்.

இதைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதவும் வேண்டுமோ என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டும் என்பதே நமது துணிபு. நாம் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்த்துப் பிழைப்பவர். ஆங்கிலத்தின் வழியே படித்தவராதலால் இக்கதைகள் பலவற்றை இளமையிலேயே மூலத்தில் படித்து மயங்கியவர். மேற்படி சித்திரங்களைப் பார்த்து மகிழ்ந்தவருங்கூட. ஆகவே வெளியே நின்று கல்லெறிகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம்.

சித்திரக்காரரின் கைத்திறனை நாம் குறை கூறவில்லை. அச்சித்திரங்களுக்குள்ளே ஒளிந்திருக்கும் ஒரு கணக்கையே குறை கூறுகிறோம். தகப்பனுடைய தலைமயிர், தாயினுடைய கண், தகப்பன் ஏந்திய வாள், தாய் கற்ற மந்திரம், இவற்றைக் கூட்டினால் வருவது பிள்ளை! வீரனுக்குப் பிறந்தது வீரன். மந்திரக்காரிக்குப் பிறந்தது மந்திரக்காரி. அரசனுக்குப் பிறந்தது அரசன். அப்பிள்ளை இன்னும் ஓரடி நடக்கவில்லை, ஒரு துன்பமும் பட்டதில்லை, ஒருவரையும் காத்ததில்லை. ஆயினும் தலையிலே கிரீடம் ஏறிவிட்டது. இது வீரத்தைப் போற்றுவதா, பிறப்பைப் போற்றுவதா என்று கேட்கிறோம்.

ஹாரி பாட்டர் கதையையே முதலில் எடுத்துக்கொள்வோம். அதிலே பகைவர்களின் கொள்கை யாது? தூய இரத்தமுடைய குடும்பத்தில் பிறந்தவரே மந்திரக் கல்விக்கு உரியவர் என்பதுதானே! அக்கொள்கையை முறியடிப்பதற்காகவே ஹெர்மாயினி என்னும் பெண் படைக்கப்பட்டிருக்கிறாள். அவளுடைய தாய் தந்தையர் பல் வைத்தியர்கள். மந்திரத்தின் வாடையே அறியாதவர்கள். ஆனால் வகுப்பிலே அவளை மிஞ்ச ஆளில்லை. 2007-ம் ஆண்டில் வெளிவந்த கடைசிப் புத்தகத்தின் முடிவுரையிலும், 2011-ல் வந்த கடைசிப் படத்திலும், 19 ஆண்டுகளுக்குப் பிறகு இவர்கள் தம் மக்களை ரயில் நிலையத்தில் வழியனுப்புவதாகக் காட்டப்படுகிறது. அம்மக்களை ரசிகர்கள் ஆயிரம் விதமாகத் தீட்டினார்கள். அவற்றில் மிகப் பல, பெற்றோரின் திறமையைப் பிள்ளையின் முதுகில் மூட்டையாகக் கட்டி அனுப்பியவையே. தூய இரத்தக் கொள்கையை வாசலிலே விரட்டியவர்கள் கொல்லைப்புறத்தால் அதை அழைத்துக்கொண்டார்கள்!

கதாசிரியைக்கோ இவர்களைவிடத் துணிவு அதிகம். 2016-ல் லண்டனில் அரங்கேறிய நாடகத்திலே ஹாரியின் இளைய மகன் தகப்பன் வெறுத்த விடுதிக்கே போய்ச் சேருகிறான். தகப்பனுடைய பள்ளிக்காலப் பகைவனின் மகனையே உயிர்த் தோழனாக்கிக்கொள்கிறான். பிள்ளை என்பவன் இன்னொரு மனிதன் என்பதை அந்நாடகம் ஒத்துக்கொள்கிறது.

இனி ஸ்டார் வார்ஸ் படங்களுக்கு வருவோம். 2015-ம் ஆண்டுப் படத்தில் ரே என்றொரு பெண் தோன்றினாள். பாலைவனத்திலே பழைய இரும்பு பொறுக்கிப் பிழைத்தவள். அவளிடம் பெருஞ்சக்தி இருப்பதைக் கண்டவுடனே, "இவள் யார் வீட்டுப் பெண்?" என்பதே ரசிகர்களின் கேள்வியாயிற்று. 2017-ல் வந்த படம் அதற்கு நேர்மையாக விடை சொல்லிற்று: அவள் பெற்றோர் பெயரற்றவர்கள்; குடிக்கக் காசு வேண்டி மகளை விற்றவர்கள். அப்படத்தின் கடைசிக் காட்சியிலே லாயத்தில் வேலை செய்யும் ஓர் ஏழைச் சிறுவன், தொடாமலே துடைப்பத்தைத் தன் கைக்கு வரவழைக்கிறான். நாம் எழுந்து நின்று கைதட்டினோம். ஆனால் 2019-ல் நடந்ததென்ன? அவள் கொடிய சக்கரவர்த்தி பால்பட்டீனின் பேத்தி என்று கதையைத் திருப்பிவிட்டார்கள். குப்பை பொறுக்கியவளுக்குச் சக்தி வருமானால் அவள் அரண்மனை வித்தாகத்தான் இருக்க வேண்டுமாம்! லாயத்துச் சிறுவன் மறக்கப்பட்டான். நல்லோராகிய ஹானுக்கும் லேயாவுக்கும் பிறந்த கைலோ ரென் தன் தந்தையையே கொன்றானே, அப்போது இரத்தம் எங்கே போயிற்று என்று கேட்பாரில்லை.

இவையெல்லாம் அந்நிய நாட்டுக் கதைகள். நமக்கென்ன என்று சொல்ல வழியில்லை. 2015-லும் 2017-லும் தமிழிலும் தெலுங்கிலும் எடுக்கப்பட்டு வந்த பாகுபலியை நம்மவர் அறிவார்கள். அதிலே தகப்பனும் மகனும் ஒரே முகம், ஒரே நடிகர். மகன் மலையடிவாரத்துக் குடிமக்களிடையே வளர்ந்தாலும் சிங்காசனம் அவனைத் தேடி வருகிறது. அதே படத்தில் கட்டப்பா என்னும் வீரர் இருக்கிறார். வாட்போரில் அவருக்கு நிகரானவர் அரிது. ஆனால் அவருடைய முன்னோர் கொடுத்த வாக்கின்படி அவர் சிங்காசனத்துக்கு அடிமை. ஒருவனுக்குப் பிறப்பால் முடி. இன்னொருவனுக்குப் பிறப்பால் அடிமைத்தனம்!

நமது தோட்டத்திலே செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகள், 12 வயதுப் பெண், அழகாகச் சித்திரம் வரைவாள். ஒருநாள் தான் வரைந்தவற்றை ஆபீசுக்கு எடுத்துவந்து காட்டினாள். அவற்றில் பாகுபலியின் பிள்ளை ஒன்று, கிரீடத்தோடு யானைமேல் அமர்ந்திருந்தது. யானையின் காலடியில் வாளேந்தி ஒரு பையன்.

"இவன் யாரம்மா?" என்றோம்.

"கட்டப்பா பேரன், ஐயா. இவனும் காவல்தான்."

"அவன் யானைமேல் ஏறக்கூடாதா?"

அவள் சிறிது யோசித்தாள். "கதையிலே அப்படி இல்லையே, ஐயா" என்றாள்.

அன்பர்களே, அந்த விடை நம்மை இரவெல்லாம் உறங்கவிடவில்லை. நமது ஆபீசு அலமாரியில் பழைய செக்ரோல் புத்தகங்கள் உள்ளன. பாட்டன் பெயர் இருந்த பகுதியிலே தகப்பன் பெயர். தகப்பன் பெயர் இருந்த பகுதியிலே மகன் பெயர். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பெயர்களின் வரிசை வெகுகாலம் மாறவில்லை. யாருடைய கற்பனையில் அவ்வரிசை முதலில் எழுதப்பட்டது? நம்மையும் விலக்கிச் சொல்லவில்லை. நமது தந்தையாரும் கிராணியே. நாம் இந்த நாற்காலியில் அமர்ந்தது நமது கையெழுத்தின் அழகுக்காக மட்டுமே என்று சொன்னால் அது பொய்யாகும். ஆகவேதான் இக்கணக்கின் பிழை நமக்கு நன்றாகத் தெரிகிறது.

"பிள்ளை பெற்றோரைப்போல் இருப்பது இயற்கையல்லவா?" என்பார்கள். கண்ணின் நிறமும் மூக்கின் வடிவமும் வரலாம், மறுக்கவில்லை. தைரியமும் நியாய உணர்ச்சியும் மூக்கோடு சேர்ந்து வருவதை யார் கண்டது? "இது வெறும் விளையாட்டுத்தானே?" என்பார்கள். விளையாட்டில்தான் குழந்தை உலகத்தின் ஒழுங்கைக் கற்கிறது. யானைமேல் யார், காலடியில் யார் என்பதை அச்சிறுமி எந்தப் பாடப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

ரசிகரின் தூரிகைக்கு வலிமையில்லை என்றும் நாம் எண்ணவில்லை. ஹெர்மாயினியைக் கறுத்த பெண்ணாகப் பல ரசிகர்கள் துணிந்து தீட்டி வந்தார்கள். பின்னர் மேற்சொன்ன லண்டன் நாடகத்திலே நோமா துமெஸ்வேனி என்னும் கறுப்பின நடிகையே அப்பாத்திரத்தை ஏற்றார். முணுமுணுத்தவர்கள் முணுமுணுத்தார்கள், கதாசிரியை ரௌலிங் அம்மையார் அத்தேர்வை வெளிப்படையாக ஆதரித்தார். கதையில் இல்லாததை வரைய முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆதலால் இளஞ்சித்திரக்காரர்களுக்கு நமது வேண்டுகோள் இதுவே. வரையுங்கள், நிறுத்த வேண்டாம். ஆனால் வாளைக் கண்டு அஞ்சும் வீரன் மகனை வரையுங்கள். மந்திரம் வராமல் தச்சு வேலை கற்கும் மந்திரக்காரியின் மகளை வரையுங்கள். லாயத்துச் சிறுவன் வளர்ந்து என்னவானான் என்று வரையுங்கள். ஆசிரியர்களே, பெற்றோர்களே! அப்படி வரைந்து வரும் பிள்ளையிடம் "கதையில் அப்படி இல்லையே" என்று தப்பித்தவறியும் சொல்லிவிடாதீர்கள். அச்சொல்லை அது நம்மிடமிருந்துதான் கற்றிருக்கிறது.

கட்டப்பாவின் பேரன் இன்னும் யானையின் காலடியில் நிற்கிறான். காகிதத்திலேகூட அவனை ஏற்றிவிட நமக்கு மனம் வராவிட்டால், செக்ரோலில் யாரை மாற்றி எழுதப்போகிறோம்?