தும்பைக்கும் மருந்தடிக்க வேண்டுமா?



மாரி முடியப் போகிறது. இனி ஊரெல்லாம் முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்தடிக்கிற காலம். வளவு, வேலியோரம், வகுப்பறைக்குப் பின்புறம் என்று தொடங்கி, கடைசியில் மையவாடி வரைக்கும் போவோம். இரண்டு கிழமையில் எல்லாம் வைக்கோல் நிறத்தில் கிடக்கும். "இப்பதான் துப்புரவு" என்போம். அந்தத் துப்புரவோடு போய்க்கொண்டிருக்கிற ஒரு செடியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

செடியின் பெயர் தும்பை.

உயர்தரத்தில் தமிழ் எடுக்கிற பிள்ளைகளைக் கேளுங்கள், தும்பைத் திணை என்றால் இரு படையும் களத்தில் நேருக்கு நேர் பொருவது, வீரர் தும்பைப் பூச் சூடுவர் என்று மளமளவென்று சொல்வார்கள். "சரி, தும்பைப் பூவைப் பார்த்தவர்கள் கை உயர்த்துங்கள்" என்றால் வகுப்பு அமைதியாகிவிடும். ஒருவர் இருவர் காசித்தும்பையைச் சொல்வார்கள். அது வேறு குடும்பம், வேறு செடி. இன்னும் சிலர் "தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை"யை எடுத்துக்கொண்டு வருவார்கள். அது மாடு கட்டுகிற தும்பு, பூவல்ல! பெருநாளைக்குச் சலவை செய்த சாரத்தைத் "தும்பைப்பூ மாதிரி வெள்ளை" என்று இன்றைக்கும் சொல்கிறோம். உவமை நம்மிடம் இருக்கிறது, பூ எங்கே?

இதில் நமக்கென்று ஒரு விசேஷமும் உண்டு. தொல்காப்பியம் ஒவ்வொரு புறத்திணையையும் ஓர் அகத்திணையோடு சேர்த்துச் சொல்கிறது. தும்பையைச் சேர்த்திருப்பது நெய்தலோடு, அதாவது கடலும் கடல் சார்ந்த நிலமுமான நம்மிடத்தோடு. பொருத்தம்தான். இது மணற்பாங்கான நிலத்தில் நன்றாக வருகிற செடி. கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கத்து வெறும் வளவுகளில் யாரும் விதைக்காமலே மாரியோடு முளைத்துக் கிடந்ததை நம் மூத்தவர்கள் சொல்வார்கள்.

நம் தீவில் இரண்டு தும்பைகளை எளிதாகக் காணலாம். அதில் முடித்தும்பைக்கு விஞ்ஞானப் பெயர் லியூக்கஸ் சிலானிக்கா. லியூக்கஸ் என்பது வெள்ளையைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. சிலானிக்கா என்பது இலங்கை. 1670களில் பவுல் ஹேர்மன் என்ற வைத்தியர் இங்கே சேகரித்துக் கொண்டுபோன செடிகளை வைத்து லின்னேயஸ் 1747 இல் இலங்கைத் தாவரங்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். இப்படி நம் நாட்டின் பெயரைத் தன் பெயரிலேயே சுமக்கிற செடிக்கு நாம் வைத்திருக்கிற பெயர் "களை".

அழிந்துவரும் இனங்களின் பட்டியலில் இது இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. நாட்டில் எத்தனையோ இடங்களில் இருக்கிறது. ஆனால் நம் ஒழுங்கைகளில் அரிதாகிவிட்டது. ஒரு பிள்ளைக்கு அவன் வளரும் ஒழுங்கையில் இல்லாத பூ இல்லாத பூதான்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது? தும்பை ஓராண்டுச் செடி. மாவில் வருடக்கணக்கில் நிற்கும், வெட்டினாலும் துளிர்க்கும். தும்பைக்கு அந்த வசதி இல்லை. மழைக்கு முளைத்து, முழங்கால் உயரம்கூட வராமல் பூத்து, காய்ந்த பூக்கொத்துக்குள் விதையை வைத்துவிட்டுச் செத்துப்போகும். அடுத்த வருடத்துச் செடி முழுக்க அந்த விதைக்குள்தான். நாம் மருந்தடிப்பதோ சரியாக அது பூத்து விதை முற்றுவதற்கு முன். தொடர்ந்து சில வருடம் அப்படிச் செய்தால் மண்ணுக்குள் இருக்கிற இருப்பும் தீர்ந்துவிடும். மிச்சத்தைச் சீமெந்தும் இன்டர்லொக் கல்லும் மூடிவிடுகின்றன.

கிளைபோசேட்டை 2015 இல் நாட்டில் தடை செய்தார்கள். 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விட்டார்கள். 2022 இல் தடையையே எடுத்துவிட்டார்கள். சிறுநீரக நோய்க்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்ற விவாதம் விஞ்ஞானிகளிடையே இன்னும் தீரவில்லை. அதை அவர்கள் பார்க்கட்டும். வயல்காரர் தம் விளைச்சலுக்கு அடிப்பதையும் இங்கே பேசவில்லை, அது அவர்களுடைய சோறு. விளைச்சலே இல்லாத முற்றத்தில், பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில், கிணற்றடியில் எதற்கு என்பதுதான் கேள்வி. அரை நாள் மண்வெட்டி வேலையை மிச்சப்படுத்தவா?

"பற்றை இருந்தால் பாம்பு வரும், டெங்கு வரும்" என்பார்கள். டெங்கு நுளம்பு முட்டையிடுவது சிரட்டை, டயர், யோகட் கோப்பையில் தேங்கும் தண்ணீரில். அதற்குப் புல்லை எரித்துப் பயனில்லை. பாம்புப் பயம் நியாயமானது. ஆகவே வாசலை வெட்டித் துப்புரவாக வைத்துக்கொண்டு, வளவின் வெயில் படுகிற ஒரு மூலையை மட்டும் விடுங்கள், போதும். (பாம்புக் கடிக்குத் தும்பைச் சாறு என்று பழைய கைவைத்தியம் ஒன்று உண்டு. தயவுசெய்து அதை நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.)

ஒரு முஸ்லிம் நட்டதில் அல்லது விதைத்ததில் பறவையோ மனிதனோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிற ஹதீஸை மரநடுகை விழா மேடையில் மட்டும் சொல்கிறோம். தும்பையில் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் மொய்ப்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். மையவாடி விஷயம் இன்னும் மனதை உறுத்துகிறது. நபி (ஸல்) அவர்கள் இரண்டு கப்ருகளின் மேல் பச்சை ஈத்தமட்டையைப் பிளந்து ஊன்றியதை நாம் அறிவோம். அது அவர்களுக்கு மட்டும் உரியதா, நாமும் செய்யலாமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்துக்குள் நாம் போகவில்லை. ஆனால் தானாக முளைத்துப் பச்சையாக நிற்பதை மருந்தடித்துக் கருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லையே! பள்ளிவாசல் பரிபாலன சபையினரிடம் பணிவாகக் கேட்கிறோம்: மையவாடியைப் புல்வெட்டி மெஷினால் வெட்டுங்கள், மாசி கழித்து வெட்டுங்கள். செலவு கூடினால் ஊரில் கேளுங்கள், தருவார்கள்.

மூதூரில் நினைவுக்கல் வைத்திருக்கிறோமே, 1660 இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸ், அவர் 1681 இல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு பூவைச் சொல்கிறார். பின்னேரம் நாலு மணிக்கு மலருமாம், மப்பு நாளில் நேரம் பார்க்க அதைக் காட்டிலிருந்து எடுத்து வந்து தோட்டத்தில் வைத்தார்களாம். அது நம் அந்திமந்தாரை என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. வந்த செடிக்கு அன்று கிடைத்த இடம் சொந்தச் செடிக்கு இன்று இல்லை. தமிழ்ச் சகோதரர்கள் சிவனுக்குத் தும்பை வைக்கிறார்கள், சிங்களச் சகோதரர்கள் கெட்டதும்ப என்று இலையைச் சுண்டிச் சாப்பிடுகிறார்கள். மூன்று பேருக்கும் இதில் பங்கு உண்டு.

வளர்ப்பது பெரிய வேலை இல்லை. காய்ந்து மண்ணிறமான பூக்கொத்துகளை மாசி, பங்குனியில் ஒடித்து, நிழலில் உலர்த்தி, கடதாசி உறையில் வையுங்கள், பொலித்தீன் வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். ஐப்பசி முதல் மழைக்கு, வெயில் படுகிற மணலில் கொத்தைக் கசக்கித் தூவி, கையால் மெல்ல அழுத்திவிடுங்கள். ஆழப் புதைக்க வேண்டாம். பசளையும் வேண்டாம். முளைத்தவுடன் ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் யாராவது புல்லென்று பிடுங்கிவிடுவார்கள். முதல் வருடத்தில் ஒரு கொத்தைக்கூடப் பறிக்க வேண்டாம், விதை விழட்டும்.

நம் பாடசாலை வேலியோரத்தில் இப்போது ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத் தும்பை நிற்கிறது. மாசிக் கடைசியில் பிள்ளைகள் விதை எடுப்பார்கள். வேண்டியவர்கள் ஓர் உறையில் பெயர் எழுதிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். உங்கள் ஒழுங்கையில் இன்னும் தும்பை நின்றால் இடத்தைக் கீழே எழுதுங்கள், மருந்து டாங்கி வருவதற்கு முன் வந்து விதை எடுத்துவிடுகிறோம்.