கண்காட்சியும் சங்கமும்

ஓய்வுநாளில் கண்காட்சிக்குச் செல்வோர் பலர் அழகைக் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுகின்றனர். அவ்வழகைப் படைத்த கைகளுக்கு நிலையான ஊதியம் உண்டா என்பதே கூட்டுறவாளர் கேட்கவேண்டிய கேள்வி.

அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவில் அமைந்த சிற்றூர் ஜீஸ் பெண்ட். பருத்தித் தோட்ட அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், உழைத்துத் தேய்ந்த உடைகளைத் துண்டு துண்டாக இணைத்துத் தைக்கும் போர்வைகள் அங்கே பெயர்பெற்றவை. 2022 முதல் ஆண்டுதோறும் அக்டோபரில் அவற்றை வீட்டு முகப்புகளிலும் துணிக்கொடிகளிலும் தொங்கவிட்டு விழாக் கொண்டாடுகின்றனர். வருவோர் தைத்தவரிடமே பேசி வாங்கலாம்.

இவ்வட்டாரப் பெண்கள் 1966இலேயே கூட்டுறவுச் சங்கம் கண்டவர்கள். நியூயார்க் நகரில் போர்வைகளை விற்றனர். பெருவணிக நிறுவனத்திற்குத் தலையணை உறைகளும் தைத்தளித்தனர். 2002இல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் ஜீஸ் பெண்ட் போர்வைகள் இடம்பெற்றன, புகழ் பரவிற்று. ஆயினும் 2012இல் அச்சங்கம் முடிவுற்றது. ஆகவே, புகழ் மட்டும் சங்கத்தைத் தாங்காது என்பது தெளிவு.

நம் சங்கங்களும் கண்காட்சி நடத்துகின்றன. ஒவ்வொரு துணியருகிலும் நெய்தவர் பெயர், உழைத்த நாட்கள், அடக்கவிலை ஆகியவற்றை எழுதி வைப்போம். அங்கேயே ஆண்டு முழுமைக்கும் வேண்டுகைகளைப் பதிவு செய்வோம். விழா ஒருநாள், தறியோ நாள்தோறும் ஓடவேண்டும்.