காற்றும் நீரும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும்

வீட்டிலேயே சோப்பு செய்வது இப்போது எங்கள் குடியிருப்பில் ஊறுகாய் போடுவதைவிடச் சாதாரணமாகிவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் சமீப காலமாக அதோடு ஃபெங் சுயியும் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்தத் திசையைப் பார்த்து நின்று கலக்க வேண்டும், எந்த நிறச் சோப்பு பணத்தைக் கூட்டும், எந்த நிறம் உறவைச் சேர்க்கும் என்று வகுப்பே நடத்துகிறார்கள். 31 வருடம் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. என் கட்சி இதுதான்: செய்து முடித்த சோப்பை எந்தத் திசையில் வேண்டுமானாலும் வையுங்கள். காஸ்டிக் சோடாவைக் கையில் எடுக்கும்போது மட்டும் திசைகாட்டியைக் கேட்காதீர்கள், தராசைக் கேளுங்கள்.

ஃபெங் சுயியைக் கேலி செய்கிறவன் இல்லை நான். சீன மொழியில் 'ஃபெங்' என்றால் காற்று, 'சுய்' என்றால் நீர். வரவேற்பறையில் சிரிக்கும் புத்தர் பொம்மையை வைப்பதற்காக வந்த சாஸ்திரம் அல்ல அது. முன்னோர்களை அடக்கம் செய்ய நல்ல இடம் பார்ப்பதில் வளர்ந்த கலை. குவோ பூ (276–324) எழுதியதாகச் சொல்லப்படும் அடக்க நூலில்தான் அந்தப் பெயருக்கே விளக்கம் வருகிறது. பின்னால் மலை, முன்னால் நீர், தெற்கு பார்த்த வாசல் என்பதெல்லாம் வடக்கிலிருந்து குளிர்காற்று அடிக்கும் நாட்டுக்காரர்களின் அனுபவ அறிவு. நாமும் தெற்கே ஜன்னல் வைக்க ஆசைப்படுகிறோம், ஆனால் அது தென்றலுக்காக. ஊர் மாறினால் காரணமும் மாறும் இல்லையா?

அவர்களுடைய ஐந்தும் நம் பஞ்சபூதமும் ஒன்றல்ல. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்பது அவர்கள் கணக்கு. நம்முடைய காற்றும் ஆகாயமும் அதில் கிடையாது. கிழக்குக்கு மரம், பச்சை. தெற்குக்கு நெருப்பு, சிவப்பு. நடுவுக்கு மண், மஞ்சள். மேற்குக்கு உலோகம், வெள்ளை. வடக்குக்கு நீர், கறுப்பு. இதை வைத்து ஐந்து சோப்பு செய்கிறார்கள். வேப்பிலைப் பொடி போட்டால் பச்சை, செம்மண் போட்டால் சிவப்பு, மஞ்சள் தூள் போட்டால் மஞ்சள், எதுவும் போடாவிட்டால் வெள்ளை, கரித்தூள் போட்டால் கறுப்பு. அடுக்கி வைத்தால் பார்க்க அழகாகவே இருக்கிறது. இதுவரை எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை.

ஆட்சேபணை எங்கே வந்தது என்றால், எங்கள் குடியிருப்புக் கூட்ட அறையில் நடந்த வகுப்பில். சொல்லிக்கொடுக்க வந்தது சின்ன வயதுப் பெண், சுறுசுறுப்பானவர். என் மனைவி பெயர் கொடுத்திருந்ததால் துணைக்கு நானும் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு பெண்கள், கூட வந்த மூன்று குழந்தைகள். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கொட்டுவதற்கு முன் அந்தப் பெண் எழுந்துபோய் இரண்டு ஜன்னல்களையும் சாத்தினார்.

"ஏம்மா, ஜன்னலைச் சாத்தறீங்க?" என்றேன்.

"திறந்திருந்தா 'ச்சி' வெளியே போயிடும் அங்கிள். செல்வம் தங்காது."

"அம்மா, இதுல வர்ற ஆவி வெளியேதான் போகணும். குழந்தைங்க இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய் ஜன்னல்களைத் திறந்தேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. மனைவிக்கும்தான். வீடு வந்து சேரும்வரை என்னோடு பேசவில்லை. போகட்டும்.

நடப்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். காஸ்டிக் சோடா தண்ணீரில் கரையும்போது பெரும் சூடு கிளம்பும். கரைசல் 80 டிகிரி செல்சியஸ் வரைகூடப் போகலாம். அப்போது எழும் ஆவி மூக்கையும் தொண்டையையும் எரிக்கும். சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவின் மேல் ஊற்றக் கூடாது. ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். உலோக அம்சம் வேண்டும் என்று அலுமினியப் பாத்திரத்தை எடுக்காதீர்கள். சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும், ஹைட்ரஜன் வாயு வேறு வெளிவரும். எவர்சில்வர் போதும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

அளவும் அப்படித்தான். 500 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற சுமார் 90 கிராம் காஸ்டிக் சோடா பிடிக்கும். நாம் 85 கிராமோடு நிறுத்திக்கொண்டால் கொஞ்சம் எண்ணெய் மிச்சம் நின்று தோலைக் காப்பாற்றும். ராசி எண் என்று 108 கிராம் போட்டால் மிஞ்சும் சோடா தோலைப் பதம் பார்க்கும். ஆலிவ் எண்ணெய்க்குக் கணக்கு வேறு. அதே 500 கிராமுக்கு 67 கிராம் போதும். ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஓர் எண் உண்டு. எண்ணெய்க்குள் இருப்பது என்ன, அது சோப்பாவது எப்படி என்பதையெல்லாம் பிரான்சில் ஷெவ்ரல் ஆராய்ந்து 1823-லேயே புத்தகமாகப் போட்டுவிட்டார். எண்ணெய்க்கு நம் ஜாதகம் தெரியாது.

"நம்பிக்கை யாரையும் கெடுக்காது, விடுங்களேன்" என்பார் என் மனைவி. பெரும்பாலும் ஒத்துக்கொள்வேன். பண்டிகைக்குக் கோலம் போடுவதில் வேதியியல் பார்க்கிறோமா என்ன? ஆனால் எங்கள் கீழ் வீட்டு அம்மா கணவரை இழந்தவர், குடும்ப ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறார். மகனுக்கு வேலை கிடைக்கும் என்ற ஆசையில் அந்த வகுப்பில் ஐந்து சோப்புப் பெட்டி ஒன்றை 900 ரூபாய் கொடுத்து வாங்கினார். அன்றைக்கு ஊற்றி ஒரு வாரமே ஆன சோப்பு அது. வீட்டுச் சோப்பைத் துண்டு போட்டு நாலு முதல் ஆறு வாரம் காற்றாட வைக்க வேண்டும். ஈரம் வற்றினால்தான் கெட்டிப்படும், தோலுக்கும் மென்மையாகும். அதிர்ஷ்டம் விற்கிற அவசரத்தில் ஆறு வாரம் காத்திருக்க யாருக்குப் பொறுமை? நம்பிக்கை இலவசமாக இருக்கும்வரை அது நம்பிக்கை. விலைப்பட்டியல் ஒட்டியபின் அது வியாபாரம். வியாபாரம் என்று வந்துவிட்டால் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

எனக்கென்னவோ, காற்றையும் நீரையும் பெயரிலேயே வைத்திருக்கும் சாஸ்திரம் சோப்பு செய்கிறவர்களுக்கு வேண்டிய இரண்டையும் சொல்லிவிட்டது என்றே தோன்றுகிறது. காற்று என்றால் திறந்த ஜன்னல். நீர் என்றால் பக்கத்திலேயே ஓடும் குழாய். கையில் தெறித்தால் எலுமிச்சை, வினிகர் என்று தேடாமல் குழாயடியில் காட்டுங்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

இப்போது என் மனைவியும் மாதம் ஒரு தடவை சோப்பு செய்கிறார். எடை போடுவது நான், நிறம் தேர்ந்தெடுப்பது அவர். காய வைக்கும் தட்டை வடக்குப் பக்க அலமாரியில்தான் வைப்பேன் என்கிறார், அது நீரின் திசையாம். அங்கே நேர் வெயில் படாது, காற்றும் வரும். நான் ஏன் மறுக்கப் போகிறேன்?