நெற்றிப்பட்டமும் சவரன் கணக்கும்

கரோல் பாக்கில் பாங்க் ஸ்ட்ரீட் நகைக் கடைகளைப் பார்த்தவாறு நடக்கும் தமிழன், தில்லிக்கு வந்து எத்தனை காலமாயினும், பொன்னைச் சவரனில்தான் கணக்கிடுவான். அந்தப் பழக்கத்தினால்தானோ என்னவோ, எகிப்திய அரசன் துட்டன்காமனின் முகக்கவசத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலும், கல்லும் கண்ணாடியும் சேர்த்து 10 கிலோவுக்குச் சற்று அதிகம் என்ற எடையே முதலில் நம் நாவில் வருகிறது.

1925-இல் ஹோவர்ட் கார்ட்டர் சவப்பேழையைத் திறந்தபோது வெளிப்பட்ட அந்த முகம், உண்மையில் ஆபரணமன்று. உடலை விட்டுப் பறவையுருவில் சஞ்சரிக்கும் 'பா' என்னும் ஜீவன் திரும்பி வருகையில் தன் தேகத்தை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்ற சிரத்தையினால், அழியும் முகத்தின்மீது அழியாத முகமொன்றை எகிப்தியர் வைத்தார்கள். தேவர்களின் சரீரம் பொன்னாலானது என்று நம்பியதால் அரசனுக்குப் பொன். அவ்வளவு வசதியில்லாதவருக்கு, துணியை அடுக்கடுக்காக ஒட்டிச் சாந்து பூசி வர்ணம் தீட்டிய முகம். பிரயோஜனம் இரண்டுக்கும் ஒன்றே.

நம் தாமிரபரணிக் கரையிலும் பொன் உண்டு. 1876-இல் ஜெர்மானியரான யாகோரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்த ஆதிச்சநல்லூரில், முதுமக்கள் தாழிகளோடு, நெற்றியில் கட்டியவை என்று ஆய்வாளர் கருதும் மெல்லிய பொற்பட்டங்கள் கிடைத்தன. இரும்பு ஆயுதங்களும், நெல் உமி ஒட்டிய கலயங்களும் உடனிருந்தன. இறந்தவர் நெற்றியில் காசு வைத்து வாய்க்கரிசி இடும் நமக்கு அக்காட்சி அந்நியமாகத் தோன்றுவதில்லை. அறுபடாத சம்பிரதாயம் என்று சாதிக்க மட்டும் நான் துணியேன். எகிப்தியன் தன் மறுமையை எழுதி வைத்தான்; தாழியில் இட்டவர்களோ பொருள்களை மட்டுமே விட்டுச் சென்றார்கள். ஆகவே பட்டத்தையும் உமியையும் தாழியையும் சேர்த்துப் பார்த்தாலன்றி அவர்கள் நெஞ்சை அறிய மார்க்கமில்லை.

நாமோ அவற்றைப் பிரித்துவிட்டோம். யாகோர் சேகரித்தவை பெர்லினிலும், ரீ சேகரித்தவை சென்னை அருங்காட்சியகத்திலும் இருக்க, 2023 முதல் ஆதிச்சநல்லூரிலேயே அகழ்ந்த குழிகளின்மேல் கண்ணாடி பதித்துத் தாழிகளை இருந்த இடத்திலேயே காட்டுகிறார்கள். மெச்சத்தக்க ஏற்பாடு. பெர்லினில் உள்ளவற்றைத் திரும்பப் பெறுவதற்கு நெடுநாள் ஆனால் ஆகட்டும். சென்னையிலிருந்து ஒரு பட்டத்தையேனும் அந்தத் தாழிகளின் அருகே கொண்டுபோய் வைப்பதற்கு எந்தத் தேசத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. பொன்னாயிற்றே, காவலுக்கு என்ன செய்வது என்று அதிகாரிகள் தயங்குவார்களாயின், கடையடைத்த பிறகு ஓர் இரவு பாங்க் ஸ்ட்ரீட் பக்கம் வந்து பார்க்கட்டும்.