புது ரைஃபிள் வருது, சரி… எந்தத் தோட்டாவை வைத்துச் சோதித்தார்கள்?

ராணுவத்துக்குப் புது ரைஃபிள் என்று செய்தி வந்தால் உங்கள் ஃபீடில் என்ன ஓடும்? எத்தனை மீட்டர் பாயும், நிமிடத்துக்கு எத்தனை தோட்டா, எத்தனை கோடி ஒப்பந்தம். 'ஜாம் ஆகுமா?' என்று கேட்பவர்கள் குறைவு. அதைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஜவானுக்கு அதுதான் முதல் கேள்வி.

இந்தப் பாடம் நமக்குப் புதுசு இல்லை. 1999 கார்கில் போரின்போது இன்சாஸ் ரைஃபிள் ராணுவத்துக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. மலையுச்சிக் குளிரில் அதன் பிளாஸ்டிக் மேகசின்கள் விரிசல் விட்டன. சுடும்போது சிக்கிக்கொள்கிறது என்றும் புகார்கள் வந்தன. பிறகு திருத்தங்கள் நடந்தன. 2005இல் மாவோயிஸ்டுகளுடனான நீண்ட சண்டையில் இன்சாஸ் கைவிட்டதாக நேபாள ராணுவம் சொன்னது. சரியாகப் பயன்படுத்தவில்லை, பராமரிக்கவில்லை என்று இந்தியத் தரப்பு பதில் சொன்னது. (ஆயுதம் எதுவாக இருந்தாலும் முதலில் வரும் பதில் இதுதான்.)

சரி, ஒரு துப்பாக்கி ஏன் சிக்குகிறது? தோட்டா வெடித்ததும் அந்த விசையில் போல்ட் பின்னால் போகும், காலி உறையை வெளியே தள்ளும், திரும்பி வரும் வழியில் மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை முன்னே தள்ளிக்கொண்டு போகும். அது வருவதற்குள் மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே ஏற்றியிருக்க வேண்டும். எல்லாம் ஒரு நொடியில் சிறு பங்கு நேரம். தோட்டாவின் வெடிமருந்து பலவீனமாக இருந்தால் போல்ட் முழுசாகப் பின்னால் போகாது. வேகம் அதிகமானாலோ ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாது. மேகசினின் மேல்விளிம்பு லேசாக நெளிந்திருந்தாலும் தோட்டா கோணலாக ஏறும். மூன்றும் தனித்தனியாக நல்லாத்தான் இருக்கும். சேர்த்து வைத்தால்தான் பிரச்சினை தெரியும்.

அதனால் 'ஒரே அளவுத் தோட்டாதானே' என்ற சமாதானம் செல்லாது. வியட்நாம் போரில் அமெரிக்காவின் எம்-16 மாட்டிக்கொண்டது இப்படித்தான். உருவாக்கத்தின்போது பயன்படுத்தியது ஒரு வகை வெடிமருந்து, போர்க்களத்துக்குப் போனது வேறு வகை. சுடும் வேகம் கூடியது, உள்ளே கசடு சேர்ந்தது, துடைக்கும் கருவிகளும் போதவில்லை. 1967இல் அந்நாட்டு நாடாளுமன்றத் துணைக்குழு ராணுவ நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடியது. நம்மிடமும் 2019இல் அமெரிக்காவிடம் ஆர்டர் செய்த 72,400 சிக்-716 ரைஃபிள்களில் உள்நாட்டுத் தோட்டாவைப் போட்டபோது சிக்கல் வந்ததாகச் செய்திகள் வெளியாகின.

அப்போ எவ்வளவு சுட்டுப் பார்த்தால் போதும்? இங்கேதான் கணக்கு கொஞ்சம் உறுத்தும். 300 தோட்டா சுட்டு ஒன்றுகூடச் சிக்கவில்லை என்று வையுங்கள். அதை வைத்து 95% நம்பிக்கையோடு சொல்லக்கூடியது, 'நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் சிக்காது' என்பது மட்டும்தான். 'ஆயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் சிக்காது' என்று சொல்ல வேண்டுமானால் ஏறக்குறைய 3,000 தோட்டாக்களைத் தடங்கலே இல்லாமல் சுட வேண்டும். அந்த ஆயிரத்துக்கு ஒன்றுகூடச் சின்ன விஷயம் இல்லை. 10 பேர் ஆளுக்கு 100 தோட்டா சுட்டால், குறைந்தது ஒருவர் துப்பாக்கியாவது சிக்குவதற்கான வாய்ப்பு சுமார் 63%. அதுவும் சுத்தமான சுடுதளத்தில். மணல், சேறு, உறைபனி, கீழே விழுந்து அடிபட்ட மேகசின் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகச் சோதனை வேண்டும். டெமோவில் ஜோராக ஓடிய கோட் புரொடக்‌ஷனில் விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது இது ஏன் முக்கியம்? 2021 டிசம்பரில் ஒப்பந்தமான 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏ.கே.-203 ரைஃபிள்கள் உத்தரப் பிரதேசத்தின் கோர்வாவில் இந்திய-ரஷ்யக் கூட்டு நிறுவனத்தில் தயாராகின்றன. பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியம் 2021 அக்டோபரில் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்தது. இன்சாஸ் தயாரித்த திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை அதில் ஒரு நிறுவனத்துக்குப் போனது, தோட்டா ஆலைகள் இன்னொன்றுக்கு. 2024இல் கான்பூரில் அதானி குழுமத்தின் தோட்டா ஆலையும் திறக்கப்பட்டது. போட்டி நல்லதுதான். ஆனால் தோட்டா ஓர் இடத்தில், துப்பாக்கி இன்னோர் இடத்தில் என்றால், சிக்கும்போது ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவது சுலபம்.

ஒவ்வொரு லாட் தோட்டாவையும், அது போகப்போகும் ரைஃபிளிலேயே, படைக்குத் தரப்போகும் மேகசினை மாட்டியே சுட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை தோட்டாவுக்கு ஒரு தடங்கல் வரை ஏற்கலாம் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். ஏ.கே.-203 பற்றி நான் படித்த செய்திகளில் 'எத்தனை சதவீதம் உள்நாட்டுத் தயாரிப்பு' என்ற எண் தவறாமல் வருகிறது. இந்த எண்ணை இதுவரை பார்க்கவில்லை.