சுடுதண்ணீர் ஏன் நூலாக வருகிறது?

மாரி தொடங்கிவிட்டால் நமது கரையோர ஊர்களில் சுபஹ் வேளைத் தண்ணீர் கையில் பட்டதும் சிலிர்க்கும். வயதானவர்களுக்கு வுழூச் செய்யச் சுடுதண்ணீர் தேவைப்படுகிற காலம். மாவடிப்பள்ளிச் சகோதரி ஒருவரின் கடிதமும் அதைப் பற்றியதுதான்.

மாமியின் வசதிக்காக 50 லீற்றர் ஹீட்டர் ஒன்று பூட்டினார்களாம். பச்சைத் தண்ணீர் சோவென்று கொட்டுகிறது. சுடுதண்ணீர் மட்டும் நூல் போல வருகிறது. "அமுக்கம் காணாது, மோட்டர் வைக்க வேண்டும்" என்று குழாய் வேலை செய்தவர் சொல்லிவிட்டாராம். மோட்டர் வாங்கலாமா என்று கேட்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள், சகோதரி. மேலே வைத்த தாங்கியிலிருந்து வரும் தண்ணீருக்கு உயரம்தான் பலம். 10 மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அமுக்கம். தாங்கி சவருக்கு மேலே 3 மீற்றரில் இருந்தால் கிடைப்பது 0.3 பார்தான். தாங்கி 500 லீற்றரா 1,000 லீற்றரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரிய தாங்கி வாங்கி ஏமாந்தவர்களும் இருக்கிறார்கள்.

அப்படியானால் பச்சைத் தண்ணீர் மட்டும் எப்படிக் கொட்டுகிறது? அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சில வீடுகளில் பச்சைத் தண்ணீரை நேரே நீர் வழங்கல் சபையின் பைப்பிலிருந்தும், ஹீட்டருக்குரிய தண்ணீரைத் தாங்கியிலிருந்தும் எடுத்து விடுகிறார்கள். இரண்டும் கலக்கும் குழாயைத் திறந்ததும் பலமுள்ள தண்ணீர் பலமில்லாததை வெளியே வரவிடாது. சபைத் தண்ணீரின் வால்வைப் பூட்டிவிட்டுச் சுடுதண்ணீரை மட்டும் திறந்து பாருங்கள். முன்பைவிட நன்றாக வந்தால் நோய் இதுதான். இரண்டையும் ஒரே தாங்கியிலிருந்து எடுத்தால் தீர்ந்தது. மோட்டருக்கு வேலையில்லை.

அப்போதும் நூல்தானா? ஹீட்டருக்குள் போகும் வால்வு முழுவதும் திறந்திருக்கிறதா, வளையும் குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். சவரின் தலையைக் கழற்றி ஓர் இரவு வினாகிரியில் ஊற வையுங்கள். கிணற்றுத் தண்ணீர் பாவிக்கும் வீடுகளில் கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைச் சுண்ணாம்புதான் இங்கும் அடைக்கிறது. சூடு பட்டால்தான் அது அதிகம் படியும். அதனால் பச்சைத் தண்ணீர்க் குழாய் தப்பிவிடுகிறது. வெளியே வரும் பக்கத்தில் சாதாரண பி.வி.சி. பைப் போட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். 60 பாகை செல்சியஸைத் தாண்டினால் அது இளகித் தொய்ந்துவிடும். சுடுதண்ணீருக்கென்றே சீ.பி.வி.சி., பி.பி.ஆர். பைப்புகள் இருக்கின்றன.

இனி, கடிதத்தின் கடைசி வரி. "ஹீட்டருக்குக் கீழே சின்ன வால்வு ஒன்று சொட்டிக்கொண்டே இருந்தது, அதைக் கட்டை வைத்து அடைத்துவிட்டோம்" என்று சாதாரணமாக எழுதியிருக்கிறார். வாசித்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. நூலாக வருகிற தண்ணீரால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆபத்து இந்தக் கட்டையில்தான் இருக்கிறது.

50 லீற்றர் தண்ணீர் 25 பாகையிலிருந்து 65 பாகைக்குச் சூடாகும்போது முக்கால் லீற்றருக்கு மேல் பெருகும். திரும்பிப் போக வழியில்லாமல் அந்தத் தண்ணீர் வெளியேறும் வாசல்தான் அந்த வால்வு. சூடாகும் நேரத்தில் அது சொட்டுவது பழுதல்ல, அதன் தொழில். அடைத்துவிட்டால் அமுக்கம் உள்ளே ஏறும். சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியும் ஒருநாள் பழுதானால் தண்ணீர் 100 பாகையையும் தாண்டிக் கொதிக்காமலே நிற்கும். தொட்டி வெடித்த கணமே அதில் ஒரு பகுதி ஆவியாகிவிடும். 1 லீற்றர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 லீற்றர். குளியலறைச் சுவர் அதற்குத் தாங்காது.

ஆகவே இதை வாசித்த உடனே ஹீட்டரின் ஆளியை நிறுத்துங்கள். முழுவதும் ஆறிய பிறகு, தெரிந்த ஒருவரைக் கொண்டு கட்டையை எடுத்துவிட்டு, வால்வின் வாயில் சின்னக் குழாய் பூட்டி வடிகாலுக்கு விடுங்கள். அந்தக் குழாயின் நுனியை எப்போதும் அடைக்க வேண்டாம். ஹீட்டர் ஆறிக் கிடக்கும்போதும் நில்லாமல் சொட்டினால் வால்வைப் புதிதாக மாற்றுங்கள்.

அதுவரை மாமிக்குச் சுபஹுக்குக் கேத்தலில் தண்ணீர் காய்ச்சிக் கொடுங்கள்.