சேதுச்சீமையை இராமப்பையன் அடக்கினாரா?

மதுரை மன்னர் திருமலை நாயக்கரின் தளவாயான (படைத்தலைவரான) இராமப்பையன், இராமநாதபுரத்துச் சேதுநாட்டை ஆண்ட சேதுபதியை அடக்கி, மதுரையின் கிழக்கு எல்லையை உறுதிப்படுத்தினார் என்பது மேடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. ஏலமலைச் சரிவின் கீழே இருக்கும் போடிநாயக்கனூரிலும் இதற்குத் தனி மவுசு உண்டு. மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களுக்குப் பொறுப்பேற்ற பாளையங்களில் போடியும் ஒன்றல்லவா? தளவாயின் புகழில் தம் ஊருக்கும் பங்குண்டு என்று எண்ணுவது இயல்புதான். அவர் பெரும் வீரர் என்பதை நான் மறுக்கவில்லை. 'அடக்கினார்' என்பதைத்தான் மறுக்கிறேன்.

தம் பலத்திலேயே வென்றார் என்கிறார்கள். ஆனால் பாளையக்காரர்கள் தம் நிலவருவாயில் ஆள் வைத்துப் பராமரித்து அனுப்பியதே நாயக்கர் படையின் பெரும்பகுதி. இராமேசுவரத் தீவுக்குப் போகக் கடல் குறுக்கிட்டபோது போர்ச்சுக்கீசியர் கைகொடுத்தார்கள். அந்த உதவிக்கு விலையாக, பாம்பனில் அவர்களுக்குக் கோட்டையும் கரையோரத்தில் தேவாலயங்களும் அமைத்துத்தர நாயக்கர் இசைந்தார்.

களத்தில் முறியடித்தார் என்பதற்கு 'இராமப்பையன் அம்மானை'யே இடம் தரவில்லை. தளவாயின் பெயரைத் தாங்கிய நூல்தான். ஆனால் சடைக்கன் சேதுபதியின் மருமகன் வன்னியனின் வீரம் அதில் அவருக்குச் சற்றும் குறையாமல் பாடப்படுகிறது. வன்னியனை வீழ்த்தியது வாளல்ல, வைசூரி. அவன் இறந்த பிறகுதான் சடைக்கன் பணிகிறார்.

சரி, சேதுபதி சிறைப்பட்டார். பிறகு நடந்ததை ஏன் யாரும் சொல்வதில்லை? அவருக்குப் போட்டியாக மதுரை ஆதரித்த தம்பித் தேவரால் சேதுநாட்டை ஆள முடியவில்லை. இராமேசுவரம் போகும் யாத்திரிகர்களுக்கு வழியில் பாதுகாப்பில்லை. கடைசியில் திருமலை நாயக்கரே சடைக்கனை விடுவித்து நாட்டைத் திருப்பிக் கொடுத்தார். விலங்குகள் தாமாகக் கழன்றதாக அம்மானை பாடுவது பக்தி; உண்மையில் அவற்றைக் கழற்றியது அரசியல் நெருக்கடி. அத்தனை உயிர்களைக் கொடுத்து நடத்திய போர், தொடங்கிய இடத்திலேயே வந்து நின்றது.

ஏறத்தாழ அதே காலத்தில் போலந்தின் படைத்தலைவர் கொனியெத்ஸ்போல்ஸ்கி 1625இல் கொசாக்குகள் என்னும் போர்க்குடிகளைப் பணியவைத்தார். அவர் 1646இல் இறந்தார். 1648இல் கொசாக்குகள் முன்னைவிடப் பெரிதாகக் கிளர்ந்தெழுந்தார்கள். சேதுநாடு அப்படி மதுரைமேல் பாயாததற்குக் காரணம், நாயக்கர் தம் முடிவை மாற்றிக்கொண்டதுதான்.

அதன் பலன் 1656 வாக்கில் தெரிந்தது. மைசூர்ப் படை சத்தியமங்கலம் வழியாக இறங்கி, அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்துக்கொண்டு வந்தது. நாயக்கர் நோயில் கிடந்தார். அந்நேரம் படையோடு வந்து மதுரையைக் காத்தவர் ரகுநாத சேதுபதி. 'ராணி சொல் காத்தவர்' என்ற பட்டமும், கப்பம் கட்டுவதிலிருந்து விலக்கும், இராமநாதபுரத்தில் நவராத்திரி கொண்டாடும் உரிமையும் அவருக்குக் கிடைத்தன.

தளவாய் மூட்டிய பயத்தால்தான் சேதுபதி ஓடிவந்தார் என்று இன்னொரு வாதமும் உண்டு. பயந்து வந்தவருக்கு யாராவது கப்பத்தை நீக்குவார்களா? நோயுற்ற மன்னரிடம் பயப்பட அப்போது என்ன இருந்தது? திண்டுக்கல் மைசூர் வசமானால் மேற்கே மலையடிவாரம் என்ன ஆகும் என்பதைப் போடி பின்னர் அனுபவித்தது. 1776இல் மைசூரின் ஹைதர் அலி போடியைக் கைப்பற்றினார். அந்த நாளை ஒரு நூற்றாண்டுக்கு மேல் தள்ளிவைத்ததில் சேதுச்சீமை வீரர்களுக்குப் பங்குண்டு. போடியின் மேடைகளில் அவர்கள் பெயரும் ஒலிக்க வேண்டும்.